மரியாச்சிக் குழுவில் மகள்: தாளில் வராத செய்திகள்

டெக்சஸில் ஐந்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் வீட்டுக்கு ஒரு படிவம் வரும். ஆறாம் வகுப்பில் பிள்ளைக்கு எந்தக் கலைப் பாடம் வேண்டும் என்று அதில் குறித்துக் கொடுக்க வேண்டும். பேண்ட், ஆர்க்கெஸ்ட்ரா, குழுப்பாட்டு, நாடகம் என்று நீளும் பட்டியலில், சான் அன்டோனியோ நகரின் பல பள்ளிகளில் மரியாச்சி என்ற மெக்சிகோ இசையும் இருக்கும். என் மகள் அதற்கு நேராகக் குறியிட்டுவிட்டுத்தான் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். வயலின் தெரிந்த பிள்ளைகள் வரலாம் என்று ஆசிரியர் வகுப்புக்கே வந்து சொல்லியிருக்கிறார். பெரிய மாணவர்கள் சிலரை அழைத்துவந்து வாசித்தும் காட்டியிருக்கிறார். பள்ளிப் பாடம்தானே, தனிக் கட்டணம் இல்லையே என்று கையெழுத்துப் போட்டேன். இப்போது அவள் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். இடைப்பட்ட காலத்தில் வீணாகப் போன பணம் மட்டும் ஆயிரம் டாலரைத் தாண்டும். என் கணவருக்கு வாரத்தில் பாதி நாள் ஹூஸ்டனில் வேலை. எனக்கு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் மாலை நேரப் பணி. தெரிந்த தமிழ் வீடுகளில் பியானோ, பரதநாட்டியம், சதுரங்கம் எல்லாம் உண்டு. மரியாச்சிக்குப் பிள்ளையை அனுப்பியவர் ஒருவரும் இல்லை. கேட்க ஆளில்லாமல் தட்டுத் தடுமாறியதையெல்லாம் எழுதிவைத்தால் அடுத்து வரும் வீட்டுக்காவது உதவும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரியாச்சி மேற்கு மெக்சிகோவின் இசை. ஹலிஸ்கோ மாநிலமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அதன் தாய்வீடு. வயலின்கள், டிரம்பெட்கள், முதுகு புடைத்த ஐந்து தந்தி விஹுவேலா, கீழ்ஸ்தாயிக்கென்றே இருக்கும் பெரிய கித்தாரோன், சாதாரண கித்தார், சில குழுக்களில் ஹார்ப். படங்களில் டிரம்பெட்டும் அகலத் தொப்பியும்தான் கண்ணில் படும் என்பதால், வயலின்காரர்கள் பின்னால் ஒப்புக்கு நிற்பவர்கள் என்று நினைத்திருந்தேன். அது தவறான எண்ணம். டிரம்பெட் நிலையாக இடம் பிடித்ததே இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். வயலின் அதற்கு வெகு முன்பே குழுவில் இருந்தது. 2011இல் யுனெஸ்கோ இந்த இசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது. சான் அன்டோனியோ பள்ளிகளுக்குள் இதைக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பெல் ஓர்டிஸ் என்ற இசையாசிரியை. 1979இல் இதே நகரில் நடந்த மரியாச்சி மாநாட்டுக்கு மெக்சிகோவின் புகழ்பெற்ற மரியாச்சி வர்காஸ் குழு வந்திருக்கிறது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொழுதுபோக்குக் குழு என்று நினைத்துக்கொண்டு பிள்ளையைச் சேர்த்துவிடாதீர்கள். மதிப்பெண் உண்டு, நடுவர்கள் முன் போட்டி உண்டு, ஊரே எதிர்பார்க்கும் நிகழ்ச்சிகள் உண்டு.

மகள் ஏழு வயதிலிருந்து சென்னையில் இருக்கும் டீச்சரிடம் இணையம் வழியாகக் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டிருந்தாள். ஆகவே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்ற நினைப்பு எங்களுக்கு. முதல் வாரத்திலேயே சிக்கல் தெரிந்தது. நாம் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். கருவியின் பாரத்தைக் கால் ஏற்றுக்கொள்வதால் இடது கை தந்தியின் மேல் தாராளமாக வழுக்கி ஓடும்; ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் கமகம் அப்படித்தான் வருகிறது. அங்கே நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். முகவாயும் தோளும்தான் பிடிமானம். சுருதி அடுத்த தகராறு. என் மகள் பாடுவதும் வாசிப்பதும் 5 கட்டை சுருதியில், அதாவது மேற்கத்திய G-யில். அதற்கு நான்கு தந்திகளையும் ச ப ச ப என்று சேர்த்தால், கீழ் இரண்டு தந்திகள் பள்ளியில் கேட்கும் அதே ஸ்தானத்தில்தான் நிற்கும். மேல் இரண்டும் ஒரு முழு ஸ்வரம் இறங்கி இருக்கும். காலையில் பள்ளிக்கு ஏற்றுவது, இரவு டீச்சருக்காக இறக்குவது என்று தினமும் நடந்தது. மேல் தந்தி அடிக்கடி அறுந்தது. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான பிரிட்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் சாய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அது டப்பென்று விழுந்தபோது, துப்பாக்கிச் சத்தம் கேட்டாற்போல வீடே அதிர்ந்தது.

இரண்டு இசையும் ஓடும் வீட்டில் இரண்டு வயலின் வேண்டும் என்பதுதான் இதற்கு விடை. புதிதாக வாங்க வேண்டியதில்லை. பிள்ளை வளர்ந்து பெரிய அளவுக்குப் போகும்போது பழைய முக்கால் அளவு வயலினைத் திருப்பிக் கொடுக்காமல், உட்கார்ந்து வாசிப்பதற்கென்று ச ப ச ப சுருதியிலேயே விட்டுவிடுங்கள். அளவு சற்றுச் சிறியதானாலும் ஓரிரு வருடம் ஓட்டலாம். பிரிட்ஜ் நேராக நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். விழுந்துவிட்டால் வயலினுக்குள் இருக்கும் சின்னத் தூணும் நகர்ந்திருக்கலாம்; தந்தியை மறுபடி இறுக்காமல் அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

அளவு மாறியதில்தான் முதல் பெரிய அடி விழுந்தது. வாடகைக்கு எடுத்திருந்தோம், மாதம் 28 டாலர். கட்டும் வாடகையெல்லாம் பிறகு வாங்கும் விலையில் கழியும் என்று கடையில் வாய்மொழியாகச் சொன்னார்கள். முழு அளவுக்கு மாற வேண்டி வந்ததும் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். வேறு அளவு என்றால் ஒரு பகுதி மட்டுமே கழியும். அதுவும் அந்தக் கடையிலேயே, அவர்கள் போட்ட விலைக்கே வாங்கினால்தான். வெளியில் 850 டாலருக்குக் கிடைத்த தரம் அங்கே 1,600. வாடகையில் சேர்ந்திருந்த 500 டாலர் சொச்சத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வாடகைக்கு எடுக்கும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அளவு மாறினால் எவ்வளவு கழியும், பராமரிப்புத் திட்டத்தில் எது சேராது, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும். இன்னொன்று, பள்ளிச் சீருடையைப் போல வளர்ந்துகொள்ளட்டும் என்று பெரிய அளவாக எடுத்துவிடாதீர்கள். இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்தால் ஏறக்குறைய 23 அங்குலம் வர வேண்டும். அப்போதுதான் முழு அளவு. அதற்கு முன்பே கொடுத்தால் சுண்டுவிரல் எட்டாது, பிள்ளை மணிக்கட்டை மடக்கும், அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குள் உயிர் போகும்.

பணக்கதை கிடக்கட்டும். வீட்டுக்குள் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. மரியாச்சியில் மேடையில் தாளைப் பார்த்து வாசிப்பதில்லை. எல்லாம் மனப்பாடம். வகுப்பில் சுரக்குறிப்பு கொடுப்பார்கள். சில வாரங்களில் பறித்துக்கொள்வார்கள். ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து வந்த பிள்ளைகள் இதில்தான் திணறினார்கள். என் மகளுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. டீச்சர் ஒரு வரி பாட, திருப்பி வாசித்துப் பழகிய கைதானே. ஆனால் சொன் என்ற பாட்டு வகை அவளை உலுக்கிவிட்டது. ஆறு அட்சரம் ஒரு சுற்று; அதை ஒரு சமயம் மூன்று மூன்றாகப் பிரிக்கிறார்கள், உடனே இரண்டு இரண்டு இரண்டாக மாற்றுகிறார்கள். சில இடங்களில் வயலின் ஒரு கணக்கிலும் கித்தாரோன் மற்றொரு கணக்கிலும் போகும். வகுப்பில் சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு ஆசிரியர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். இவள் ஒவ்வொரு முறையும் அரை அடி தள்ளியே விழுந்தாள். வீட்டுக்கு வந்து வில்லைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள்.

அந்தச் சமயத்தில் என் மாமியார் திருச்சியிலிருந்து வந்திருந்தார். பாட்டுக் கற்றுக்கொண்டவர், கச்சேரி எதுவும் செய்ததில்லை. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே இரண்டு நாள் கேட்டவர், மூன்றாம் நாள் தட்டை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். வயலினை மூடி வை என்றார். தொடையில் தட்டிக்கொண்டு, தகிட தகிட, தக தக தக என்று சொல்லத் தொடங்கினார். ஆறு அட்சரம், மறுபடி ஆறு அட்சரம். வேகம் மாறவில்லை, வெட்டும் இடம் மட்டும் மாறுகிறது. பேத்தியை ஒன்றைச் சொல்லவைத்து, தாம் மற்றொன்றைச் சொன்னார். பத்து நிமிடம் இருவரும் சிரித்துச் சிரித்துத் தடுமாறினார்கள். பிறகு பிடிபட்டது. அடுத்த வகுப்பில் அவள் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். கித்தாரோன் வாசிக்கும் பையன் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டானாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த இசை தெரியாது, உதவ முடியாது என்று முடிவுகட்டி அவர்களை ஓரமாக உட்காரவைத்துவிடாதீர்கள். ஆசிரியருக்குக் கைவராத வழி அவர்கள் நாக்கில் இருக்கலாம்.

பாடவும் வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மரியாச்சியில் வாசிப்பவர்கள்தான் பாடகர்கள். பாடும்போது வயலினை இறக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் அதைத் தோளுக்கு ஏற்றி, இடையில் வரும் சின்ன அலங்காரத்தை மூன்று வயலின்களும் ஒன்றாக வாசித்துவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். கண்ணாடி முன் நிற்கவைத்து, வில்லே இல்லாமல் ஏற்றி இறக்கும் பயிற்சியை மட்டும் கொடுங்கள். தோளும் மூச்சும் பழகிவிடும். பாட்டு ஸ்பானியத்தில். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. இதிலும் மாமியார்தான் கைகொடுத்தார். பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதினார். ஸ்பானிய உயிரெழுத்துகள் நம் அ, எ, இ, ஒ, உ ஆகிய ஐந்தோடு அழகாகப் பொருந்துகின்றன. ஞகரம் அச்சாக அங்கேயும் இருக்கிறது. அழுத்திச் சொல்லும் றகரத்துக்கு நம் பிள்ளைகள் பயப்படவே வேண்டாம். ஒரே தொல்லை, ப என்ற எழுத்து அழுத்தியா மெல்லியா என்று தமிழ் காட்டாது. மெல்லிய ப என்றால் முத்தம், அழுத்திய ப என்றால் மெக்சிகோவின் பெசோ நாணயம். காதல் பாட்டில் முத்தம் கேட்க வேண்டிய இடத்தில் என் மகள் உருக்கமாக ஒரு நாணயம் கேட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். மெல்லிய ஒலிகளுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டால் தீர்ந்தது. உச்சரிப்பைக் கடைசியில் ஸ்பானியம் பேசும் ஒருவரிடம் கட்டாயம் சரிபாருங்கள். பொருளையும் வரி வரியாகச் சொல்லிக்கொடுங்கள். எதற்காக ஏங்குகிறோம் என்று தெரியாமல் பாடும் பிள்ளையின் முகம் நடுவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

இனி உடை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. குட்டையான மேல்சட்டை, பெண்களுக்குக் கணுக்கால்வரை பாவாடை, அதன் இருபுறமும் வரிசையாக உலோகப் பொத்தான் அணிகள், கழுத்தில் பூவேலை செய்த பெரிய பட்டை. ஏழாம் வகுப்பு தொடங்கியதும், இலையுதிர்கால நிகழ்ச்சிக்குக் கறுப்பு உடை தேவை என்று ஒரு தாள் வந்தது. அவ்வளவுதான் இருந்தது தாளில். விசாரித்ததில் ஒரு தையல் வியாபாரியின் எண் கிடைத்தது. ஆறு வாரத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்துவிடும் என்று 420 டாலர் முழுவதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். ஆறு வாரம் எட்டாயிற்று. குறுஞ்செய்திகளுக்குப் பதில் இல்லை. நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பள்ளியின் உடைகள். சலவைக்கு 40 டாலர் கட்டினால் வருடம் முழுவதும் நம்முடையது. இது அங்கே எல்லோருக்கும் தெரியும். அக்காவும் சித்தப்பாவும் அதே பள்ளியில் வாசித்த வீடுகளுக்கு யாரும் தாளில் எழுதிச் சொல்லத் தேவையில்லையே! நான் வாங்கிய உடை டிசம்பரில் வந்தது. பூவேலை குழுவின் நிறத்தில் இல்லை. பாதி விலைக்கும் குறைவாக வேறு ஊர்ப் பெண் ஒருத்திக்கு விற்றேன். பொத்தான் அணிகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அவற்றை வேறு பாவாடையில் மாற்றித் தைக்கலாம். உடையில் விலை கூடிய பகுதிகளில் அதுவும் ஒன்று. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை சொந்த உடை வாங்காதீர்கள். வாங்கினால் பாதிப் பணத்துக்கு மேல் முன்கூட்டித் தராதீர்கள். இடுப்பிலும் கீழ் விளிம்பிலும் துணியை மடித்து விடச் சொல்லுங்கள்.

அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது, பள்ளியிலிருந்து வரும் தாளில் பாதிச் செய்திதான் இருக்கும். மீதியெல்லாம் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில். அது முழுக்க ஸ்பானியத்தில் ஓடியதால் யாரும் என்னைச் சேர்க்கவில்லை. வேண்டாதவள் என்று இல்லை. சேர்ந்து என்ன செய்யப்போகிறாள் என்ற எண்ணம். நானும் நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்கியே நின்றேன். நிகழ்ச்சி முடிந்ததும் மற்ற வீடுகளில் தாத்தா பாட்டி எல்லோரும் சூழ்ந்துகொண்டு அதே பாட்டை மறுபடி பாடுவார்கள். நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்காகக் காத்திருப்பேன். வாய் திறந்து கேட்டபோது அன்றே சேர்த்துவிட்டார்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும். எந்த வாசலில் இறக்கிவிடுவது, யார் வீட்டில் கூடுதல் காலணி இருக்கிறது, நிதி திரட்ட என்ன சமைப்பது, எல்லாம் அங்கேதான். மகள் மிகவும் சோர்ந்திருந்த ஒரு மாதத்தில், ஞாயிறு மதியம் மிஷன் சான் ஹோஸே தேவாலயத்தில் நடக்கும் மரியாச்சித் திருப்பலிக்குப் போய்க் கேட்கச் சொன்னதும் அந்தக் குழுவில் ஒரு அம்மாதான். போனோம். பாட்டியும் வந்தார். காசில்லாமல் இதைவிட நல்ல பாடம் இந்த ஊரில் கிடைக்காது.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் தெற்கு டெக்சஸ் பக்கம் ஒரு போட்டி. கருவிகளைப் பஸ்ஸின் அடிப்பெட்டியில் அடுக்கி, பிள்ளைகள் மதிய உணவு சாப்பிடும்வரை பஸ்ஸை வெட்டவெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். இரவு வீட்டுக்கு வந்து வாசித்தபோது ஒரு தந்தியில் மட்டும் கரகரவென்று இரைச்சல். விளக்கில் பிடித்துப் பார்த்தால், கீழ்ப் பக்க விளிம்பில் மேல்பலகை தாள் கனத்துக்குப் பிரிந்திருக்கிறது. அடிவயிறு கலங்கிப்போனது. என் கணவர் பசைக்குழாயோடு வந்தார்; நல்லவேளை, தடுத்துவிட்டேன். பழுதுபார்ப்பவர் நிதானமாக விளக்கினார். வயலினை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால்; சூட்டில் இளகும். பலகை வெடிக்காமல் இணைப்பு மட்டும் திறந்துகொள்ளட்டும் என்று மேல்பலகையை வேண்டுமென்றே வலுக்குறைவாகத்தான் ஒட்டுவார்களாம். உடனே கொண்டுபோனதால் 70 டாலரில் முடிந்தது. கடைப்பசை போட்டிருந்தால் பிரித்தெடுக்கவே மரம் சேதமாகியிருக்கும். வயலின் எப்போதும் பிள்ளையோடு பஸ்ஸுக்குள்ளேயே வர வேண்டும் என்று பயணத்துக்கு முன் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். காரிலும் அப்படித்தான், கடைக்குள் ஐந்து நிமிடம் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள். வாசித்து முடித்ததும் வில்லின் மயிரைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

நேரம்தான் கடைசிச் செலவு. ஏப்ரலில் ஃபியெஸ்டா திருவிழா, மே 10இல் மெக்சிகோ வழக்கப்படி அன்னையர் தினம், நவம்பர் 22இல் இசைக்கலைஞர்களின் காவலரான புனித சிசிலியா நாள், டிசம்பர் 12இல் குவாதலூப்பே அன்னை திருநாள். இந்த நாட்களைச் சுற்றி வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வருடத் தொடக்கத்திலேயே என் பணிமுறையை இவற்றைப் பார்த்து மாற்றிக்கொள்ளத் தொடங்கினேன். டெக்சஸ் விதிப்படி, சில மேல்நிலைப் பாடங்கள் நீங்கலாக, தவணை முடிவில் எந்தப் பாடத்திலாவது மதிப்பெண் 70க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டி போன்ற வெளிநிகழ்ச்சிகளில் மேடை ஏற முடியாது. எங்களுக்குக் கணக்கில் 71 வந்த ஒரு தவணை உண்டு. அந்த வாரம் வீட்டில் வயலின் சத்தமே இல்லை. மூடிய அறையில் டிரம்பெட்டுக்கு முன்னால் நின்று பயிற்சி செய்யும் வயலின் பிள்ளைக்கு, இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். 20 டாலருக்குக் கிடைக்கும். இரண்டு மணி நேரம் கனத்த உடையில் நிற்பதற்குக் காலணி பொருந்த வேண்டும், தண்ணீர் வேண்டும்.

சென்னை டீச்சரிடம் வகுப்பு வாரம் ஒன்றாகக் குறைந்துவிட்டது; நிற்கவில்லை. ஆரம்பத்தில் கை கெட்டுவிடும் என்று கடிந்துகொண்டவர், இப்போது வில்லில் பலம் கூடியிருக்கிறது என்கிறார். இதெல்லாம் உருப்படியான சங்கீதமா என்று என்னிடமே கேட்ட நண்பர்கள் உண்டு. கேட்காமலே தீர்ப்பு எழுதும் பழக்கம் நம்மவர்களுக்கு அதிகம்; பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. வரும் வசந்தத்தில் உயர்நிலைப் பள்ளிக் குழுவுக்கான தேர்வு. ஒரு ஸ்வர வரிசை, மனப்பாடமாக ஒரு உருப்படி, ஒரு சரணமாவது பாட்டு என்று மூன்று கேட்பார்களாம். இதுவும் வாட்ஸ்அப்பில் கிடைத்த செய்திதான். பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் வீடு இரண்டுபட்டிருக்கிறது. குரல் திறந்து பாடும் ராஞ்செராவே சரி என்பது ஆசிரியர் கட்சி. மென்மையான காதல் பாட்டான பொலேரோதான் வேண்டும் என்று திருச்சியிலிருந்து தினமும் தொலைபேசி வருகிறது.